போருக்குப் போகாத ‘டிவிஷன்’: அமெரிக்காவின் 99-க்கு ஏன் இந்தப் பெயர்?

அமெரிக்க ராணுவ ரிசர்வில் ‘99-வது ரெடினஸ் டிவிஷன்’ என்று ஒன்று இருக்கிறது. டிவிஷன் என்றதும் பீரங்கியும் பல்லாயிரம் வீரர்களும்தான் உங்கள் நினைவுக்கு வரும். ஆனால் நியூஜெர்சியின் ஃபோர்ட் டிக்ஸில் உள்ள இந்தத் தலைமையகம் போர்க்களத்துக்குப் போவதில்லை. மேய்ன் முதல் வர்ஜீனியா வரை 13 மாநிலங்களில் உள்ள ரிசர்வ் படையினருக்கான கட்டடங்கள், வாகனப் பராமரிப்பு, அவர்களைப் பணிக்கு அழைக்கும்போது செய்யவேண்டிய ஏற்பாடுகள், இதெல்லாம்தான் அதன் வேலை. அப்புறம் ஏன் டிவிஷன்னு பேரு?

அந்தப் பேர் சும்மா வந்ததில்லை.

1921-ல் பிட்ஸ்பர்க்கைத் தலைமையிடமாகக் கொண்டு, பெரும்பாலும் காகிதத்தில் இருந்த ரிசர்வ் படைப்பிரிவு இது. தோள் சின்னத்தைப் பார்த்தாலே ஊர் தெரியும்: கறுப்பு ஐங்கோணம் அந்த நகரின் இரும்புத் தொழிலைக் குறிக்கிறது. நடுவில் உள்ள நீல, வெள்ளைக் கட்டங்கள், நகரத்துக்குப் பெயர் கொடுத்த வில்லியம் பிட்டின் குடும்பச் சின்னத்திலிருந்து வந்தவை. 1942 நவம்பரில் மிசிசிப்பியில் நிஜமான ஆட்களோடு டிவிஷன் உயிர்பெற்றது. ராணுவச் செலவில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் பலர், 1944-ல் அந்தப் படிப்புத் திட்டம் சுருக்கப்பட்டதும், இதில் காலாட்படை வீரர்களாகச் சேர்க்கப்பட்டார்கள்.

அந்த ஆண்டு நவம்பரில் பெல்ஜிய எல்லையில் அவர்களுக்குக் கிடைத்தது ‘அமைதியான’ பகுதி. டிசம்பர் 16 விடியற்காலையில் ஜெர்மானியப் பீரங்கிகள் முழங்கின. பல்ஜ் போர் தொடங்கியிருந்தது.

லான்ஸராத் கிராமத்தை ஒட்டிய மேட்டில் 99-ன் உளவுப் பிளட்டூன் ஒன்று பதுங்குகுழிகளில் இருந்தது. 18 பேர், அவர்களோடு பீரங்கிப் படையின் கண்காணிப்பாளர்கள் 4 பேர். தலைமை தாங்கிய லெப்டினன்ட் லைல் பவுக்குக்கு வயது 20. எதிரே சுமார் 500 ஜெர்மன் பாராசூட் வீரர்கள். குண்டுகள் தீரும்வரை பகல் முழுக்க அவர்களைத் தடுத்து நிறுத்தினார்கள். பின்னால் காத்திருந்த டாங்கிப் படைக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் வீணானது. அன்று நள்ளிரவு கடந்தபோது பவுக்குக்கு 21 வயது. பிறந்தநாளில் அவர் போர்க்கைதி. பிளட்டூனில் இருந்த 18 பேருக்கும் பதக்கம் கிடைக்க 1981 வரை ஆனது என்பது, என் பார்வையில், சண்டையைவிட விசித்திரமான கதை.

பிறகு எல்சன்போர்ன் மேட்டில் 2-வது டிவிஷனோடு சேர்ந்து வடக்கு முனையைக் காத்தது, 1945 மார்ச்சில் ரெமாகனில் ரைன் நதியைக் கடந்தது, டாகாவ் வதைமுகாமின் கிளை முகாம்கள் இருந்த ம்யூல்டார்ஃபில் கைதிகளை விடுவித்தது. போர் முடிந்ததும் டிவிஷன் கலைக்கப்பட்டது.

எண்ணும் சின்னமும் மட்டும் பிழைத்துக்கொண்டன. 1967 டிசம்பரில், மேற்கு பென்சில்வேனியா வட்டார ரிசர்வ் பிரிவுகளை நிர்வகிக்கும் கமாண்டுக்கு அவை தரப்பட்டன. காலப்போக்கில் காலாட்படைச் சண்டை பெரும்பாலும் நேஷனல் கார்டு வசம் போக, ரிசர்வுக்கு மருத்துவம், போக்குவரத்து, குடிநீர் போன்ற துணைப் பணிகள் வந்தன. இடையில் பெயர் பல தடவை மாறியது. ‘டிவிஷன்’ என்ற சொல் 2018-ல்தான் திரும்ப வந்தது.

துணைப் பணி என்றால் பத்திரமான பணி என்று நினைத்துவிடாதீர்கள். வளைகுடாப் போரின்போது 99-ன் கீழ் இருந்த 14-வது குவார்ட்டர்மாஸ்டர் பிரிவு சவுதி அரேபியாவுக்குப் போனது. பென்சில்வேனியாவின் கிரீன்ஸ்பர்க்கைச் சேர்ந்த 69 பேர். வேலை, தண்ணீரைச் சுத்திகரிப்பது. போய்ச் சேர்ந்த ஆறாவது நாள், 1991 பிப்ரவரி 25 அன்று, தாரானில் அவர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் இராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்தது. இறந்த 28 அமெரிக்கர்களில் 13 பேர் இந்தப் பிரிவினர். மேலும் 43 பேர் காயமடைந்தனர்.

அங்கிருந்த பேட்ரியாட் பாதுகாப்பு அமைப்பு, 100 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடியதில் அதன் கணினியின் நேரக் கணக்கு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு பிசகியிருந்தது. அதனால் வந்த ஏவுகணையை அது இடைமறிக்கவே இல்லை. திருத்திய மென்பொருள் தாரானுக்கு வந்தது பிப்ரவரி 26-ம் தேதி.