முதியோர் இல்லம் வேறு, சீனியர் லிவிங் வேறு... ஓசூர் பக்கம் வீடு பார்ப்பவர்கள் எதையெல்லாம் கேட்க வேண்டும்?

1980-களில் டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என ஓசூரில் ஆலைகள் வரிசையாக வந்தபோது 25 வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இப்போது 60-ஐத் தாண்டிவிட்டார்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாடி ஏறி டேங்க் பார்ப்பது, கரண்ட் போனால் ஆள் தேடுவது, ராத்திரியில் நெஞ்சு வலித்தால் யாரைக் கூப்பிடுவது என்ற கவலை எல்லாம் சேர்ந்து, 'சீனியர் லிவிங்' விளம்பரத்தை நின்று பார்க்க வைக்கிறது.

இது என்ன புதுசா?

அமெரிக்காவின் அரிசோனாவில் 1960-லேயே 'சன் சிட்டி' என்ற ஓய்வுக்கால நகரம் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இதற்குப் பெயர் எடுத்த ஊர் கோவை. நல்ல தட்பவெப்பம், சிறுவாணித் தண்ணீர், பெரிய மருத்துவமனைகள் மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பதுதான் காரணம். சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கும் ஓசூருக்கும் தட்பவெப்பம் சாதகம். பெங்களூர் சுமார் 40 கி.மீ.தான்.

2011 கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் 100 பேரில் 10 பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். நாடு முழுவதற்குமான சராசரியைவிட இது அதிகம்.

முதியோர் இல்லத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பலர் குழம்புவது இங்கேதான். ஆதரவற்ற முதியோருக்காக மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது இருக்க வேண்டும் என்கிறது 2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். சுனாமிக்குப் பிறகு கடலூரில் ஹெல்ப்ஏஜ் இந்தியா அமைத்த தாமரைக்குளம் முதியோர் கிராமமும் ஆதரவு இழந்தவர்களுக்கானதுதான்.

சீனியர் லிவிங் அப்படியல்ல. தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளக் கூடியவர்கள் காசு கொடுத்து வாங்கும் அல்லது வாடகைக்கு எடுக்கும் வீடு இது. பெரும்பாலும் கணவன், மனைவியில் ஒருவருக்காவது 55 அல்லது 60 வயது ஆகியிருக்க வேண்டும் என்பார்கள். பொது சமையல்கூடம், வீடு சுத்தம் செய்ய ஆள், பாத்ரூமில் கைப்பிடி, அவசர பட்டன், ஆம்புலன்ஸ் இருக்கும். சமைக்க விருப்பம் இருந்தால் சமைக்கலாம், இல்லாவிட்டால் இறங்கிப்போய் சாப்பிடலாம். யாரும் கேட்க மாட்டார்கள். இதற்கு மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் உண்டு. சாப்பாட்டுக்குப் பல இடங்களில் தனிக் காசு.

படுக்கையில் விழுந்தால்?

எல்லாரும் கேட்கத் தயங்கும் கேள்வி, ஆனால் முதலில் கேட்க வேண்டியது இதுதான். 'ஆரோக்கியமான முதியவர்களுக்கு' என்றால், ஆரோக்கியம் போன பிறகு என்ன? பக்கவாதமோ மறதி நோயோ வந்தால் அதே வளாகத்தில் உதவியாளரோடு இருக்க விடுவார்களா, தனிப் பிரிவு இருக்கிறதா, இல்லை காலி செய்யச் சொல்வார்களா? வாய்ப்பேச்சு போதாது, ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

வீடு சொந்தமா, டெபாசிட்டா, குத்தகையா என்பது அடுத்த கேள்வி. சொந்தம் என்றாலும் பல ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும்: பிள்ளைகளுக்கு உரிமை போகும், ஆனால் வயது வரம்பை எட்டாமல் குடிவர முடியாது. டெபாசிட் முறையில் ஒருவர் இறந்த பிறகு துணைவர் தொடரலாமா, மீதிப் பணம் எத்தனை நாளில், எவ்வளவு கழித்துக்கொண்டு வரும் என்று கேளுங்கள். கட்டியவர் ஒருவர், சாப்பாடும் மருத்துவ உதவியும் பார்ப்பவர் வேறொருவர் என்றால் சிக்கல் கூடும். அதனால்தான் மத்திய அரசின் 2019 மாதிரி வழிகாட்டுதல்கள், கட்டுநர், சேவை தருபவர், வாங்குபவர் மூவருக்கும் இடையே ஒரே ஒப்பந்தம் வேண்டும் என்கின்றன. ஆனால் இவை வழிகாட்டுதல்கள்தான், சட்டம் அல்ல.

ரெரா எந்த மாநிலத்தில்?

எல்லை ஊருக்கு இது முக்கியம். ஓசூர், சூளகிரி, சானமாவு பக்கம் என்றால் தமிழ்நாடு ரெரா. அத்திப்பள்ளியைத் தாண்டிவிட்டால் கர்நாடகா ரெரா. விளம்பரத்தில் 'பெங்களூர் அருகில்' என்று மட்டும் போட்டிருந்தால் பதிவு எண்ணைக் கேட்டு, அந்தந்த மாநில இணையதளத்தில் சரிபார்க்கலாம். வாங்குபவர்களிடம் வசூலிக்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைத்து அந்தத் திட்டத்துக்கே செலவிட வேண்டும் என்பது ரெரா விதி.

சானமாவு பக்கம் இன்னொன்றும் உண்டு. குளிர்காலத்தில் கர்நாடகாவின் பன்னர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி வழியாக வரும் யானைக் கூட்டங்கள் சானமாவு, போடூர்பள்ளம் காடுகளில் தங்கி, ராகி வயல்களில் இறங்குவது வழக்கம். அந்த நாட்களில் இரவில் வெளியே போக வேண்டாம் என வனத்துறை எச்சரிக்கும். காட்டை ஒட்டிய 'இயற்கைச் சூழல்' புரோஷரில் அழகாகத்தான் இருக்கும். அதிகாலை 5 மணிக்கு வாக்கிங் போகிறவர்கள் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. ஆம்புலன்ஸ் எந்த வழியில் ஓசூருக்குப் போகும், எத்தனை நிமிடம் ஆகும் என்பதையும் ஒருமுறை ராத்திரியில் போய்ப் பார்த்துவிடலாம்.

இருக்கும் வீட்டைப் பிள்ளைகள் பேருக்கு எழுதிவிட்டுக் கிளம்புவோர் கவனத்துக்கு: 'எங்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனையோடு எழுதினால், பிள்ளைகள் கைவிடும்போது 2007 சட்டத்தின் 23-வது பிரிவில் அதை ரத்து செய்யக் கேட்கலாம். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவின்கீழ் ஒரு தாய் மகனுக்கு எழுதிக்கொடுத்த தானப் பத்திரத்தை ரத்து செய்தது. புகாருக்கும் ஆலோசனைக்கும் மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.