"நல்லா இருக்கறீங்களா?"வுக்கு மார்க் போட்ட கதை

எங்க ஊர்ப்பக்கம் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "நல்லா இருக்கறீங்களா?" பதிலும் ரெடிமேட்தான்: "இருக்கறனுங்க." இந்த "இருக்கறனுங்க"வுக்குள்ள எவ்வளவு சந்தோஷம், எவ்வளவு வருத்தம்னு நம்பர் போட்டுச் சொல்றது ஒரு ஆராய்ச்சியா வளர்ந்து ரொம்ப காலம் ஆகலை.

இந்தியாவுல உளவியல் துறைக்கு வயசு நூறைத் தாண்டிடுச்சு. 1916-ல் கல்கத்தா பல்கலைக்கழகம், ஹார்வர்டில் படிச்சுட்டு வந்த நரேந்திரநாத் சென்குப்தா தலைமையில. 1924-ல் மைசூர். நாம திம்பம் மலை ஏறிப் போற அதே மைசூர்தான். அங்கே துறையை ஆரம்பிச்ச எம்.வி.கோபாலசாமி, லண்டனில் ஸ்பியர்மேனிடம் படிச்சவர். (1935-ல் சொந்தமா வானொலி நிலையம் வச்சு அதுக்கு 'ஆகாசவாணி'ன்னு பேர் வச்சவரும் இவரே. அதுக்குத் தனிப் பதிவு போடணும்.) சென்னைப் பல்கலைக்கழகத்துல 1943-ல் துறை வந்துச்சு. நம்ம கோவை பாரதியார் பல்கலைக்கழகம் பிறந்ததே 1982-ல்தான்.

அந்தக் காலத்து ஆய்வகங்கள்ல உலகம் பூரா புலன், கவனம், ஞாபகம், புத்திக்கூர்மை இதுகளுக்குத்தான் முதல் மரியாதை. மனக்கஷ்டம்னா அது நோய்க் கணக்குல போயிடும். சாதாரண ஆளு சாதாரண நாள்ல நல்லா இருக்கானான்னு கேக்கறது கடைசி பெஞ்ச் சமாச்சாரம்.

இங்கதான் எட் டீனர் வர்றார். கலிபோர்னியாவில் விவசாயக் குடும்பத்துப் பையன். 1960-களில் ஃப்ரெஸ்னோ கல்லூரியில் படிக்கறப்ப, பண்ணைக் கூலிகள் சந்தோஷமா இருக்காங்களான்னு ஆய்வு பண்றேன்னு பேராசிரியர்கிட்ட கேட்டிருக்கார். பேராசிரியர் முடியாதுன்னுட்டார். காரணம் ரெண்டு. ஒண்ணு, கூலிக்காரங்க சந்தோஷமா இல்லைன்னு தனக்கே தெரியும். ரெண்டு, சந்தோஷத்தை அளக்கவே முடியாது. டீனரே பின்னாள்ல சொன்ன கதை இது.

அளக்கவே முடியாதுன்னா, அவங்க சந்தோஷமா இல்லைன்னு இவர் மட்டும் எப்படி அளந்தாராம்? எனக்கு இதுதான் இந்த வரலாற்றுலயே முக்கியமான இடமாப் படுது. அதே பள்ளத்தாக்குல 1965-ல் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் பண்ணினாங்க. கஷ்டம் இருந்தது நிஜம். ஆனா அவங்களுக்காக அடுத்தவர் பதில் சொல்லலாமா?

டீனர் வேற தலைப்புல ஆய்வை முடிச்சுட்டுப் போயிட்டார். இலினாய் பல்கலைக்கழகத்துல வேலை நிரந்தரமான பிறகு, 1981 வாக்கில்தான் பழைய கேள்வியைக் கையில எடுத்தார். 1985-ல் எம்மன்ஸ், லார்சன், கிரிஃபின்கிற தன் மாணவர்களோட சேர்ந்து ஒரு அளவுகோல் வெளியிட்டார். அஞ்சே வாக்கியம். ஒவ்வொண்ணுக்கும் 1 முதல் 7 வரை மார்க். கூட்டினா 5-லிருந்து 35-க்குள்ள வரும். அவ்வளவுதான் சமாச்சாரம். இன்னிக்கு உலகம் பூரா மாணவர்கள் தூக்கிட்டுத் திரியறது இதைத்தான்.

2001-ல் அவரும் மகன் ராபர்ட் பிஸ்வாஸ்-டீனரும் கல்கத்தா ஆய்வை வெளியிட்டாங்க. குடிசைவாசிகள், பாலியல் தொழிலாளர்கள், நடைபாதையில வாழறவங்கன்னு 83 பேர். 1 முதல் 3 வரை மார்க், 2-ன்னா நடுநிலை. மொத்த வாழ்க்கைக்குச் சராசரி 1.93, கொஞ்சம் கீழே. ஆனா குடும்பம், நட்புன்னு தனித்தனியா கேட்டப்ப மார்க் நடுநிலைக்கு மேல போயிடுச்சு. "ஏழைகள்தான்பா நிஜமான சந்தோஷசாலிகள்"னு இதை வச்சு மேடையில பேசுறவங்களைப் பார்த்தா எரிச்சல்தான் வரும். அந்த 1.93-ஐயும் சேர்த்துப் படிங்கய்யா!

நிற்க. எங்க அக்கா பொண்ணு கோவையில உளவியல் முதுகலை படிக்கறா. மஞ்சள் வேகவைக்கிற சீசன்ல கொடுமுடிப் பக்கம் ஒரு களத்துக்கு இந்த அஞ்சு வாக்கியத்தோட போனா. வண்டி ஓட்டினது அடியேன். அவ கையிலிருந்த தமிழாக்கத்துல, வாழ்க்கை 'இலட்சியத்துக்கு' நெருக்கமா இருக்கான்னு முதல் கேள்வி. மஞ்சளைக் களத்துல பரப்பிட்டிருந்த ஒரு பெரியம்மா சிரிச்சுட்டு, "உனக்கு எத்தனை வேணுமோ அத்தனை போட்டுக்க சாமி" அப்படின்னாங்க.

நானா இருந்தா 5 போட்டுட்டுக் கிளம்பியிருப்பேன். அவ பேனாவை மூடி வச்சுட்டுச் சும்மா பேச ஆரம்பிச்சா. மக நர்சிங் படிக்கறதுக்கு 7 போடச் சொன்னாங்க அந்தம்மா. முழங்காலுக்கு 1. கூலிக்கு எவ்வளவுன்னு கேட்டா, மேஸ்திரி இருந்த பக்கம் ஒரு பார்வை, பதில் இல்லை.

அந்தத் தாளைக் கணக்குல சேர்க்கலை. கைடு வார்த்தைகளை மாத்தி முதல்ல பத்துப் பேர்கிட்ட கேட்டுப் பாக்கச் சொல்லியிருக்கார். 'நல்வாழ்வு'ன்னு போட்டா ஆஸ்பத்திரியில இருந்து வர்றீங்களான்னு கேக்கறாங்களாம் (மக்கள் நல்வாழ்வுத் துறை உபயம்). 'மனநிறைவு'ன்னா மேடைப் பேச்சு மாதிரி இருக்கு. இப்போதைக்கு "மனசுக்கு நெறைவா இருக்குதுங்களா"ன்னு வச்சிருக்கா.

நெல்லை, தஞ்சை, யாழ்ப்பாணத்து நண்பர்களே, உங்க ஊர்ல இதை எப்படிக் கேப்பீங்கன்னு சொல்லிட்டுப் போங்க. அடுத்த வாரம் தறிப்பட்டறைப் பக்கம் போறா.