பார்க்காத ஊருக்கு ஓர் அணி

எங்கள் வங்கிப் படிவத்தில் 'நிரந்தர முகவரி' என்று ஒரு கட்டம் உண்டு. புனேவுக்கு மாற்றலாகி வந்து பதினோரு வருஷமாகிறது. நான் இன்னும் அதில் கும்பகோணம் வீட்டைத்தான் எழுதுகிறேன். போன மாதம் பையனுக்குக் கணக்கு திறந்தபோது, "அப்பா, நான் எதை எழுதணும்?" என்று கேட்டான். சட்டென்று பதில் வரவில்லை. நினைவுக்கு வந்தது லெபனான் ரக்பி லீக் அணியின் கதை.

ரக்பி லீக் நமக்குப் பழக்கமில்லாத ஆட்டம். பக்கத்துக்கு 13 பேர். பந்தோடு ஓடுகிறவனை மடக்கிப் பிடிக்க வேண்டும். ஆறு முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்கு. கபடி பார்த்தவர்களுக்குப் பாதி புரிந்துவிடும்.

1975 முதல் 1990 வரை நடந்த உள்நாட்டுப் போரில் லெபனானை விட்டுக் கிளம்பிய பல குடும்பங்கள் சிட்னியின் மேற்குப் புறநகர்களில் குடியேறின. அங்கே எல்லோருக்கும் இந்த ஆட்டம்தான். பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள். 1990களின் பிற்பகுதியில் சிட்னிக்காரர்களே சேர்ந்து லெபனான் பெயரில் ஓர் அணியைக் கட்டினார்கள். நாட்டில் ஆட்டம் வேர்பிடிக்கும் முன்பே தேசிய அணி வந்துவிட்டது! எங்கள் பாஷையில், இருப்பு இல்லாமலே திறந்த கணக்கு.

2000 உலகக் கோப்பைக்கே தகுதி பெற்றார்கள். நியூசிலாந்திடம் 64-0 என்று செம உதை. வேல்ஸிடம் 24-22, இரண்டே புள்ளியில் தோல்வி. குக் தீவுகளுடன் 22-22 சமன். 'ஆஸ்திரேலியப் பையன்களுக்கு லெபனான் சட்டையா?' என்ற விமர்சனமும் வந்தது. ஆனால் அந்த அணியில் ஆடிய ஹாஸெம் எல் மஸ்ரி லெபனானின் திரிப்போலியில் பிறந்து, சிறுவனாகச் சிட்னி வந்தவர். 2009ல் ஓய்வு பெற்றபோது ஆஸ்திரேலிய லீக்கிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தவர் அவர்தான்: 2,418.

அவர்கள் பெயரோடு நிற்கவில்லை. லெபனானிலேயே கல்லூரி மாணவர்களுக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்துப் போட்டிகளும் தொடங்கினார்கள். 2017ல் பிரான்ஸை 29-18 என வென்று காலிறுதி போய், டோங்காவிடம் 24-22 என்று தோற்றார்கள். மறுபடியும் அதே இரண்டு புள்ளி! 2022ல் நடந்த உலகக் கோப்பையிலும் காலிறுதி வரை வந்தார்கள்.

என் பையன் கும்பகோணத்தில் மொத்தமாக இரண்டு மாதம் இருந்திருப்பான். ஆனாலும் அந்த முகவரியையே எழுதச் சொன்னேன். எழுதினால் மட்டும் போதாது என்பதும் புரிகிறது. இந்தக் கோடை விடுமுறைக்குப் போகும்போது, பள்ளியில் கற்ற லேஸிமை அத்தை பிள்ளைகளுக்கு அவன் சொல்லிக்கொடுக்கட்டும். வாங்கிக்கொள்ள மட்டுமே ஊருக்குப் போனால் எப்படி?