குள்ளர் வீட்டுப் பேயும் ஒரு கருப்புப் பொருக்கும்

பழனி மலைப் பக்கம் ஓபியில் உட்கார்ந்தால் காய்ச்சலோடு கதையும் சேர்ந்தே வரும்.

"மாடு மேய்க்கப் போனவன் மழைக்குக் குள்ளர் வீட்டுல ஒதுங்கிட்டான் சார். பத்து நாள்ல காய்ச்சல் புடிச்சிருச்சு. மந்திரிச்சும் நிக்கல" என்றார் ஓர் அம்மா.

அது யார் வீடு? பார்த்துருவோம் வாங்க.

பேத்துப்பாறை, தாண்டிக்குடி பக்கம் போனவங்க பார்த்திருப்பீங்க. சுற்றிலும் பலகைக் கல், மேலே ஒரு மூடுகல். உள்ளே குனிந்துதான் போகணும். 'இதுல குள்ளருங்கதான் குடியிருந்திருக்கணும், அவங்க ஆவி இன்னும் இருக்கு' என்பது ஊர்ப்பேச்சு.

உண்மையில் இவை கல்திட்டைகள். இறந்தவர்களுக்காக இரும்புக்கால மக்கள் எழுப்பியவை. பாதிரியார் ஆங்லேடும் நியூட்டனும் இந்த மலைகளில் அலைந்து திரிந்து எழுதிய நூலை 1928-ல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது.

சரி, ஏன் இவ்வளவு சின்னது?

அந்தக் காலத்தில் தமிழகத்தின் பல ஊர்களில், உடல் மக்கிய பிறகு எலும்புகளை மட்டும் எடுத்து வைத்து அடக்கம் செய்தார்கள். நம் உடம்பிலேயே நீளமான தொடை எலும்பு சுமார் 45 சென்டிமீட்டர்தான். அதற்கு ஆறடி அறை எதுக்கு?

மலையடிவாரத்தில், பழனிக்குப் பக்கத்தில் பொருந்தல். அங்கே பேராசிரியர் கா. ராஜன் குழு அகழ்ந்த ஒரு ஈமக்குழியில், நாலு கால் ஜாடி நிறைய சுமார் 2 கிலோ நெல் கிடைத்தது. காலம் கி.மு. 490 என்று கணிக்கப்பட்டது.

யோசிச்சுப் பாருங்க. செத்தவருக்கும் பசிக்குமேன்னு நெல்லு கொடுத்து அனுப்பியிருக்காங்க. நம்மைப் போல மனுசங்கதான்.

அப்போ பையனுக்கு வந்த காய்ச்சல்?

சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். அக்குளில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு. வலியே இல்லை. ஸ்க்ரப் டைபஸ். புதரில் இருக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது. கல்திட்டையைச் சுற்றி மண்டிக் கிடப்பதும் புதர்தானே!

டாக்ஸிசைக்ளின் கொடுத்தோம். ரெண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. இன்னும் ஒரு வாரம் மந்திரிச்சுட்டே இருந்திருந்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை எது வேண்டுமானாலும் பாதிக்கப்பட்டிருக்கும். உயிரே போயிருக்கலாம்.

எல்லோருக்கும் பொருக்கு தெரியாது. காட்டுக்கோ தோட்டத்துக்கோ போய்வந்த பிறகு காய்ச்சல் வந்தால், போன இடத்தை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்க.

டிஸ்சார்ஜ் அன்று அந்த அம்மா கேட்டார், "அப்ப அங்க போலாமா சார்?"

"தாராளமா போங்கம்மா. புதருல உக்காராதீங்க. புதையல் தேடி எவனாவது கல்லைப் புரட்டினா மட்டும் விடாதீங்க. அது நம்ம பாட்டன் பூட்டன் சமாதி."