அஸீஸ் விட்டுவந்த ஆய்வு

1934இல் மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் புலமைப்பரிசில் பெற்று, வரலாற்றில் பட்டப்பின்படிப்புக்காகக் கேம்பிரிட்ஜ் சென்றார். சிவில் சேவைப் பரீட்சையில் தேறவே, படிப்பை இடையில் விட்டுத் திரும்பினார். முதல் முஸ்லிம் சிவில் சேவை அதிகாரி என்று கொண்டாடுகிறோம். கைவிட்டுப்போன ஆய்வைப் பற்றி வாய் திறப்பதில்லை. அவரோ 1945இல் முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கி, வசதியற்ற பிள்ளைகளின் உயர்கல்விக்கு வழிசெய்தார்.

பட்டம் முடித்த என் பழைய மாணவி ஒருத்தி கேட்டாள்: “சேர், கலாநிதிப் படிப்புக்கு யாரு காசு தருவாங்க?” 1959இல் உருவான பொதுநலவாயப் புலமைப்பரிசில் இன்றும் இருக்கிறது. அவளுக்கு அதைச் சொல்லத்தான் ஆளில்லை. பள்ளிவாசல் ஜமாஅத்தும் பாடசாலையும் சேர்ந்து ஊருக்கொரு வழிகாட்டியையாவது வைத்தால், அஸீஸ் தொடங்கிய வேலை தொடரும்.