டயர் மாற்றும் முன் சாலையைப் பாருங்கள்!

மதுரை மாட்டுத்தாவணி என்றதும் இன்று எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 1999-ல் திறக்கப்பட்ட எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம்தான். ஆனால் பெயரிலேயே மாடு இருக்கிறது பாருங்கள்! மாட்டுத்தாவணி என்றால் மாட்டுச் சந்தை. சிறிய ஸ்போர்ட்ஸ் காருக்கு மாற்று டயர் தேர்ந்தெடுப்பது பற்றிய கட்டுரையில் மாட்டுக்கு என்ன வேலை என்கிறீர்களா? டயரின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

மதுரையில் பேருந்துத் தொழிலை வளர்த்தவர் டி.வி. சுந்தரம் அய்யங்கார் (1877-1955). 1911-ல் தொடங்கியது அவரது டி.வி.எஸ். நிறுவனம். அந்நாளில் சாலை முழுக்க மாட்டு வண்டிகள். மாட்டு லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள் டயரைப் பதம் பார்த்தன. அதனால் காந்தம் பொருத்திய வண்டியை ஓட்டி ஆணிகளைப் பொறுக்கினார்கள் என்பது டி.வி.எஸ். பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் செய்தி. நல்ல டயர் வாங்கினால் மட்டும் போதாது, அது ஓடும் சாலையையும் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள்.

இரண்டாம் உலகப் போரில், 1942-ல் மலேயாவையும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளையும் ஜப்பான் பிடித்தது. உலகுக்கு ரப்பர் தந்த தோட்டங்களில் பெரும்பகுதி அங்கேதான் இருந்தது. டயர் கிடைப்பது அரிதானது. தேய்ந்த டயரின் உடல் நன்றாக இருந்தால், மேலே புது ரப்பர் ஒட்டி வேகவைத்து மீண்டும் ஓட்டலாம். இதுதான் ரீட்ரேடிங். சுந்தரம் அய்யங்கார் அந்தத் தொழிலிலும் இறங்கினார். நிதானமாக ஓடும் பேருந்துக்கும் லாரிக்கும் இது சிக்கனமான வழி. வேகமாகத் திரும்பும் சிறிய காருக்கு இது ஏற்றதல்ல.

அந்தச் சிறிய கார்கள் நம் ஊரிலும் உருவாயின. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். 1995-ல் விமான விபத்தில் அவர் மறைந்தார். அவர் பெயரால் 2003-ல் கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது. ஃபார்முலா மாருதி பந்தயத்தில் தொடங்கிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டினார்.

அந்த ஆண்டு ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ். இரண்டு நாள் முன்பு பயிற்சியின்போது, சாய்வான 13-ஆம் வளைவில் டயர் பழுதாகி ரால்ஃப் ஷூமாக்கரின் கார் சுவரில் மோதியிருந்தது. அது மிச்செலின் டயர். அவசரமாக விமானத்தில் வரவழைத்த மாற்று டயர்களும் தாங்கவில்லை! உயிரைப் பணயம் வைக்க முடியாது என்று மிச்செலின் போட்ட 14 கார்களும் விலகின. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட 6 கார்கள் மட்டும் ஓடின. நரேன் நான்காவதாக வந்து, ஃபார்முலா ஒன்னில் புள்ளி பெற்ற முதல் இந்தியர் ஆனார். பிரிட்ஜ்ஸ்டோனின் துணை நிறுவனமான ஃபயர்ஸ்டோன், அதே பாதையில் நடக்கும் இண்டி 500 பந்தயத்துக்கு டயர் கொடுத்து வந்தது. புதிதாகச் சீரமைத்த அந்தப் பாதையை அவர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். மறுபடியும் சாலைதான்!

சரி, நமக்கு என்ன பாடம்?

பந்தய டயரின் மென்மையான ரப்பர் தரையை நன்றாகப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் தேயும். பள்ளமே இல்லாத வழுக்கை டயர் மழை நீரில் மிதந்துவிடும். எனவே மதுரை வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் சாலை டயர்தான் சரி.

டயரின் பக்கவாட்டில் 88H என்று இருந்தால், அது 560 கிலோ சுமையும் மணிக்கு 210 கி.மீ. வேகமும் தாங்கும் என்று பொருள். கார் நிறுவனம் சொன்ன அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது. 2324 என்றால் 2024-ன் 23-ஆம் வாரம் தயாரானது. பளபளப்பைப் பார்க்காமல் இதைப் பாருங்கள். இரண்டு டயர் மட்டும் வாங்கினால் பின்சக்கரங்களில் போடுங்கள். ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும்.

ஆகவே நண்பர்களே, கடைக்காரர் "எந்தக் கம்பெனி வேண்டும்?" என்று கேட்பதற்கு முன், "என் கார் எந்தச் சாலையில், எவ்வளவு வேகத்தில் ஓடப்போகிறது?" என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.