மீனுக்கு இரு காவலர்கள்

டி.என்.ஏ. மரபுச் செய்தியைச் சுமப்பது. நோய் எதிர்ப்பு உயிரணுக்களைத் தூண்டாதது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1984-இல் ஜப்பானில் டோக்குனாகா குழுவினர் பி.சி.ஜி. பாக்டீரியாவிலிருந்து பிரித்த டி.என்.ஏ., விலங்குகளின் புற்றுக்கட்டிகளை எதிர்த்தது கண்டு வியந்தனர்.

காரணத்தை 1995-இல் அமெரிக்காவில் ஆர்தர் கிரீக் குழுவினர் விளக்கினர். டி.என்.ஏ. இழையில் சைட்டோசினை அடுத்துக் குவானின் வரும் இடங்கள் பாக்டீரியாவில் மிகுதி. அங்கே மீத்தைல் தொகுதி பெரும்பாலும் இராது. முதுகெலும்பிகளில் அவ்விடங்கள் குறைவு. பெரும்பாலானவற்றில் மீத்தைல் ஒட்டியிருக்கும். இவ்வேறுபாடே பகையைக் காட்டிக்கொடுக்கிறது. அதை எலியில் உணரும் புரதம் டி.எல்.ஆர்.9 என 2000-இல் அகிரா குழுவினர் அறிவித்தனர்.

மீன்கள் எப்படி? வானவில் டிரவுட் மீனின் விழுங்கணுக்களும் இத்தகைய டி.என்.ஏ. துணுக்குகளால் தூண்டப்பட்டு எச்சரிக்கைப் புரதங்களை ஆக்குவதாக 2001-இல் தெரிந்தது. மலேரியா மருந்தான குளோரோகுயின் அதைத் தடுத்தது. அம்மருந்து உயிரணுவின் உள்ளே உள்ள அமிலப் பைகளின் வேலையைக் கெடுப்பது. ஆகவே பகையை உணரும் இடம் அப்பைகளே எனலாம்.

2013-இல் வரிக்குதிரை மீன் ஆய்வு மேலும் ஒரு புதுமையைக் காட்டியது. நமக்கு டி.எல்.ஆர்.9 உண்டு, கோழிக்கு அது இல்லை, டி.எல்.ஆர்.21 உண்டு. மீனிலோ இரண்டும் கூடிக் காவல் செய்கின்றன! ஒவ்வொன்றும் விரும்பும் எழுத்து வரிசை வேறு. எனவே எலிக்குப் பலித்த துணுக்கு மீன் தடுப்பூசிக்கும் உதவும் என்று கொள்வதற்கில்லை. மீனிலேயே சோதித்தறிய வேண்டும்.